ஏஜென்ட்டுக்கு முன்னால் ஏபிசிடி: வெளிநாடு போகிற தம்பிகளுக்கு அக்காவின் டிப்ஸ்

"கையில தொழில் இருக்கு, இங்கிலீஷ் எதுக்குக்கா?" நம் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பப் பட்டறைகளில் இன்னும் இந்தக் கேள்விதான். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய் வந்த அண்ணன்மார் சொல்லிக்கொடுத்த கேள்வி இது. அவர்களைப் பொறுத்தவரை அதில் நியாயமும் உண்டு. சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்கு வொர்க் பெர்மிட்டில் போகிறவர் திறன் தேர்வில் பாஸாக வேண்டும், மொழித் தேர்வு கிடையாது. அங்கே எடுக்க வேண்டிய பாதுகாப்பு வகுப்பைக்கூடத் தமிழிலேயே எடுக்கலாம். துபாய், கத்தாரில் வெல்டரிடமும் கொத்தனாரிடமும் யாரும் மொழி மார்க் கேட்பதில்லை.

ஆனால் தம்பி, அந்த விசாக்களுக்கு ஆயுள் வேலை இருக்கும்வரைதான். பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுத்தான் பெரும்பாலானவர்கள் போகிறார்கள். குடும்பத்தோடு போய், பிள்ளையை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்து, நாளைக்கு நிரந்தரமாகத் தங்கலாமா என்று யோசிக்கிறவனுக்குக் கதை வேறு. கனடா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா, பிரிட்டன் எல்லாம் முதலில் மொழிச் சான்றிதழைத்தான் கேட்கும். உன் கைத்திறனைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

இது நியாயமா என்றால், முழுக்க நியாயம் என்று அக்கா சொல்ல மாட்டேன். தச்சு வேலை தெரிந்த ஆளுக்குக் கட்டுரை எழுதத் தெரியவில்லை என்பதால் கதவைச் சாத்துவது எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் இன்னொரு பக்கத்தையும் பார். கனடா மாதிரி நாடுகள் விண்ணப்பத்துக்குப் போடும் புள்ளிக் கணக்கில் வயது, படிப்பு, அனுபவம், மொழி என்று நாலு விஷயம் வருகிறது. வயதைக் குறைக்க முடியாது. படிப்பை மாற்ற வருடக்கணக்கில் ஆகும். அனுபவம் தானாகத்தான் சேரும். உட்கார்ந்து உழைத்தால் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ ஏறக்கூடியது மொழி மார்க் ஒன்றுதான்.

கனடாக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் எல்லா விண்ணப்பதாரரையும் புள்ளி போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். மேலே இருப்பவர்களுக்குத்தான் அழைப்பு வரும். கல்யாணம் ஆகாத 29 வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள். பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவன், மூன்று வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் நாலு பகுதியிலும் 6 வாங்குகிறான். அது அவர்கள் அளவுகோலில் சிஎல்பி 7. ஒரு பகுதிக்கு 17 வீதம் மொழிக்கு 68 புள்ளி.

அதே பையன் கேட்டலில் 8, வாசித்தல், எழுதுதல், பேசுதலில் 7 வாங்கினால் சிஎல்பி 9. பகுதிக்கு 31 வீதம் 124 புள்ளி ஆகிவிடும். கதை அதோடு முடியவில்லை. சிஎல்பி 9 வந்ததும் அவன் டிப்ளமோவுக்கான கூடுதல் புள்ளி 13-லிருந்து 25 ஆகிறது, வெளிநாட்டு வேலை அனுபவத்துக்கானது 25-லிருந்து 50 ஆகிறது. கூட்டிப் பார், 93 புள்ளி வித்தியாசம். ஆளும் அதே ஆள், தொழிலும் அதே தொழில். வயதுக்கு 29 வரை 110 புள்ளி, 30-ல் 105, 35-ல் 77 என்று வருடா வருடம் தேய்கிறது. ஆகவே "மெதுவா எழுதிக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவனுக்கு ஒரு பக்கம் ஏறுவது இன்னொரு பக்கம் இறங்கும்.

இங்கே ஒரு விஷயம் ஏஜென்ட் சொல்ல மாட்டார். கனடாவில் தொழிலாளர்களுக்கென்று தனித் திட்டம் இருக்கிறது. அதற்குக் கேட்டல், பேசுதலில் 5, எழுதுதலில் 4, வாசித்தலில் 3.5 இருந்தாலே போதும். "அவ்வளவுதான் தம்பி, ஈசி" என்று இதைக் காட்டித்தான் பணம் வாங்குகிறார்கள். அது உள்ளே நுழைய வேண்டிய குறைந்தபட்ச மார்க். நுழைந்த பிறகு வரிசையில் மேலே வர அது உதவாது. அதோடு அந்தத் திட்டத்துக்குக் கனடா முதலாளியின் வேலை உத்தரவோ, அங்குள்ள ஒரு மாகாணத்தின் தொழில் சான்றிதழோ வேண்டும். குறைந்தபட்ச மார்க் எது, அழைப்பு வரும் மார்க் எது என்று எப்போதும் இரண்டையும் தனித்தனியாகக் கேள்.

நம் டிப்ளமோ பையனுக்குச் சிஎல்பி 9 வந்தாலும் மொத்தம் 407 புள்ளிதான் நிற்கும். தச்சர், வெல்டர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் போன்ற தொழில்களுக்கென்று 2023 முதல் தனி அழைப்புச் சுற்று வைக்கிறார்கள், ஆனால் 2025-ல் அதிலும் 500-க்கு மேல் தேவைப்பட்டது. அப்போ வழியே இல்லையா? இருக்கிறது. அந்த வழியின் பெயர் பிரெஞ்சு. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான தனிச் சுற்று 2025 மார்ச்சில் 379 புள்ளி வரைக்கும் இறங்கியது. பிரெஞ்சில் நாலு பகுதியிலும் 7-ஆம் நிலையைத் தொட்டால் கூடுதலாக 62 புள்ளியும் வரும். ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து அந்த 7-க்குப் போக ஒரு வருடத்துக்கு மேல் நிச்சயம் ஆகும், விளையாட்டுக் காரியம் இல்லை. ஆனால் புதுச்சேரியில் 1889-லிருந்து பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, பெரம்பலூரிலிருந்து ஒரு பகல் பயணம்தான். டிவி5மோந்த் இணையத்தில் இலவசப் பாடங்கள் வைத்திருக்கிறது. இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுத் தம்பிகள் இதைக் கொஞ்சம் தீவிரமாக யோசிக்கலாம். முப்பத்தைந்தைத் தாண்டியவனுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

சிற்பியா, தச்சரா?

இது நம் ஊருக்கென்றே உள்ள சிக்கல். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே மரத்துண்டில் சாமி உருவம் செதுக்குவது, கோயில் வாகனம், தேர் வேலை எல்லாம் ஊருக்குப் பெருமைதான். ஆனால் விசா படிவத்தில் பெருமைக்குக் கட்டம் கிடையாது. கனடாத் தொழில் பட்டியலில் வீட்டுத் தச்சரின் எண் 72310. சிற்பம் செதுக்குபவர் 53-ல் தொடங்கும் கலைஞர், கைவினைஞர் பிரிவுக்குப் போய்விடுவார். தொழிலாளர் திட்டத்துக்கு 72 செல்லும், 53 செல்லாது.

அதற்காகப் பொய் எழுதச் சொல்லவில்லை. நம் பட்டறைகளில் பாதிப் பேர் கதவு, நிலை, சட்டம் எல்லாமும்தான் செய்கிறார்கள். அந்த வேலையைச் செய்திருந்தால் அதைத் தெளிவாக ஆங்கிலத்தில் எழுதிக் காட்ட வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரம் எத்தனை மணி நேரம், என்ன சம்பளம், தினமும் என்னென்ன வேலை என்று முதலாளியின் கடிதத்தில் இருக்க வேண்டும். "நல்ல பையன், நன்றாக வேலை செய்வான்" என்ற கடிதம் குப்பைக்குத்தான் போகும். சொந்தப் பட்டறை வைத்திருந்தால் நீயே எழுதிய கடிதம் எடுபடாது. அரசின் பூம்புகார் கைவினை நிறுவனத்துக்கோ கோயில் நிர்வாகத்துக்கோ செய்து கொடுத்திருந்தால் ஆர்டர் கடிதம், ரசீது, வங்கிக் கணக்கில் பணம் வந்த பக்கம் எல்லாவற்றையும் இப்போதிருந்தே சேர்த்து வை. கையில் ரொக்கமாக வாங்கிப் பையில் போட்ட வேலைக்குச் சாட்சி இருக்காது. கைவினைஞர்களுக்கு மத்திய அரசு தரும் பெஹ்சான் அட்டை இல்லையென்றால் அதற்கும் எழுதிப் போடு.

ஜெர்மனி: ஒரு புள்ளியில் நிற்கிறவர்கள்

2024 ஜூன் 1 முதல் ஜெர்மனி சான்சென்கார்ட்டே என்ற வாய்ப்பு அட்டையைக் கொடுக்கிறது. கையில் வேலை உத்தரவு இல்லாமலே போய், ஒரு வருடம் அங்கே தங்கி வேலை தேடலாம். ஏஜென்ட்டுகள் இப்போது அதிகம் விற்பது இதைத்தான். உள்ளே நுழைய ஜெர்மனில் ஏ1 நிலையோ ஆங்கிலத்தில் பி2 நிலையோ வேண்டும். பிறகு 6 புள்ளி சேர்க்க வேண்டும்.

35 வயதுக்குள் இருந்தால் 2 புள்ளி. கடந்த ஏழு வருடத்தில் படித்த தொழிலிலேயே ஐந்து வருட அனுபவம் இருந்தால் 3 புள்ளி. ஆக 5. ஒரு புள்ளி குறைகிறது பார். ஜெர்மன் ஏ2 வைத்திருந்தால் அந்த 1 புள்ளி கிடைத்துவிடும். அனுபவம் இரண்டு வருடம்தான் என்றால் 2 புள்ளி, மொத்தம் 4. அப்போது பி1 வேண்டும், அதற்கு 2 புள்ளி. பி2 வாங்கினால் 3. ஏ1 போதும் என்று விளம்பரத்தில் போடுவதற்கும் நிஜத்துக்கும் உள்ள தூரம் இவ்வளவு.

ஐடிஐ தம்பிகள் இங்கே உஷாராக இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு வருடத் தொழிற்கல்வி வேண்டும் என்கிறது ஜெர்மனி. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு வருடப் படிப்பு. வெல்டர் ஒரு வருடம்தான். வெல்டர் சான்றிதழை வைத்துக்கொண்டு இந்த அட்டைக்குப் பணம் கட்டிவிடாதே. செலவுக் காசும் காட்ட வேண்டும். 2025-ல் மாதத்துக்கு 1,091 யூரோ கணக்கு, ஒரு வருடத்துக்கு 13,000 யூரோவைத் தாண்டுகிறது. நிலத்தை அடகு வைத்து இதைக் காட்டிவிட்டு, ஏ1 ஜெர்மனோடு அங்கே இறங்கினால் எந்தப் பட்டறைக்காரர் வேலை கொடுப்பார்? பி1 வந்த பிறகு போ என்பதுதான் அக்காவின் கருத்து.

படிக்க டாய்ச்ச வெல்லே நிறுவனத்தின் நிக்கோஸ் வேக் என்ற இலவசக் காணொளிப் பாடம் பி1 வரை இருக்கிறது. தேர்வைச் சென்னை கோத்தே நிறுவனத்தில், அதாவது மேக்ஸ்முல்லர் பவனில் எழுதலாம். பி1 தேர்வில் நாலு பகுதியையும் தனித்தனியாக எழுத முடியும். 100-க்கு 60 எடுத்தால் அந்தப் பகுதி பாஸ், தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம்.

நர்ஸ் தங்கச்சிகளுக்கு

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் நர்சிங் படித்த பெண்கள் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். உங்களுக்கு மொழிதான் எல்லாமும். ஜெர்மனியில் முழு நர்ஸாகப் பதிய பொதுவாக பி2 கேட்கிறார்கள். பிரிட்டனில் நர்சிங் பதிவுக்கு ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதலில் 7, எழுதுதலில் 6.5 வேண்டும். கட்டுரை எழுதுவது பயமாக இருந்தால் ஓஇடி தேர்வைப் பாருங்கள். அதில் நோயாளியோடு பேசுவது, மருத்துவக் கடிதம் எழுதுவது என்று வார்டில் செய்கிற வேலைதான் கேள்வியாக வரும். மற்ற வேலைகளுக்குப் பிரிட்டன் 2026 ஜனவரி 8 முதல் பி2 ஆங்கிலம் கேட்கிறது, முன்பு பி1 போதும் என்றிருந்தது.

அரசு உதவியையும் விட்டுவிடாதீர்கள். தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் வெளிநாட்டு வேலைகளுக்கு ஆள் எடுக்கிறது. தாட்கோ ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிள்ளைகளுக்கு மொழித் தேர்வுப் பயிற்சி கொடுக்கிறது. இந்த அறிவிப்புகள் செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்து மறைந்துவிடும். தேடிப் பார்க்க வேண்டும்.

நர்ஸ் இல்லாதவர்களும் கேளுங்கள், ஜப்பானைச் சிலர் சிரித்துக்கொண்டே தள்ளுகிறார்கள். நான் தள்ள மாட்டேன். 2019 ஏப்ரலில் தொடங்கிய குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவுக்குப் பட்டம் தேவையில்லை. தொழில் தேர்வு ஒன்று, மொழிக்கு ஜேஎல்பிடி என்4 அல்லது ஜேஎஃப்டி பேசிக். ஜேஎஃப்டியில் 250-க்கு 200 பாஸ். முதியோர் பராமரிப்பு வேலைக்குக் கூடுதலாக இன்னொரு மொழித் தேர்வு உண்டு. எழுத்துதான் மிரட்டும். வாக்கிய அமைப்பு நம்மைப் போலவே வினைச்சொல்லில் முடிவதால் பேச்சு நமக்குச் சீக்கிரம் பிடிபடும். இரோடோரி என்ற பாடநூலை ஜப்பான் ஃபவுண்டேஷன் இலவசமாகவே தருகிறது.

எப்படிப் படிப்பது?

தமிழ் மீடியம் என்று கூனிக் குறுக வேண்டியதில்லை. ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம்தான். முதலில் ஊர், வேலை, வீடு பற்றித்தான் பெரும்பாலும் கேட்பார்கள். உன் வேலையைப் பற்றி இருபது வாக்கியம் தயார் பண்ணு. என்ன மரம், ஏன் காய வைக்க வேண்டும், உளியை எப்படிப் பிடிப்பது, ஒரு வாகனம் செய்ய எத்தனை பேர் வேண்டும் என்று எழுது. மனப்பாடம் பண்ணாதே. மனப்பாடம் என்பது தேர்வாளருக்கு உடனே தெரிந்துவிடும். தினமும் பட்டறையில் கொட்டாப்புளியைக் கீழே வைத்ததும் போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து கேள். இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும், அதற்கு இதுவே பயிற்சி. வெள்ளைக்காரன் மாதிரி உச்சரிக்கத் தேவையில்லை, சொல்வது புரிந்தால் போதும். ஆனால் ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் ஒரு 'உ' ஒட்டிப் பேசும் பழக்கத்தை விடு. 'ப', 'ஃப' இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழகு.

கேட்டலில் நம் பிள்ளைகள் கோட்டை விடுவது எண்ணிலும் எழுத்துக்கூட்டலிலும்தான். ஆங்கிலத்தில் பதின்மூன்றும் முப்பதும் காதில் ஒன்றாகவே விழும். யாரையாவது போன் நம்பரையும் பெயரையும் வேகமாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லி எழுதிப் பழகு. பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் இலவசம், பஸ்ஸில் துறையூர் போய்வரும் நேரத்தில் கேட்கலாம்.

எழுதுதலுக்கு மட்டும் ஓர் ஆசிரியர் வேண்டும். இதில் காசு மிச்சம் பிடிக்காதே. தானே எழுதித் தானே திருத்த முடியாது. 150 வார்த்தைக் கடிதம், 250 வார்த்தைக் கட்டுரை இரண்டையும் ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். கட்டுரைக்குத்தான் மார்க் அதிகம், அதற்கு நாற்பது நிமிடம் ஒதுக்கு.

கனடாக் குடியேற்றத்துக்கு ஐஇஎல்டிஎஸ்ஸில் ஜெனரல் ட்ரெய்னிங் என்ற வகைதான் செல்லும். அகாடமிக்கை எழுதிவிட்டு வந்து நின்றால் கட்டின பணம் போனதுதான். தேர்வுக் கட்டணம் பதினேழு பதினெட்டாயிரம் ரூபாய் ஆகிறது. மார்க் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். ஆகவே கல்விச் சான்று மதிப்பீடு, அனுபவக் கடிதம் எல்லாம் தயாரான பிறகு தேதி போடு.

இனிஷியலும் இடைத்தரகரும்

பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே தேர்வுக்கும் பெயரைப் பதி. நம் ஆட்களுக்கு மார்க் ஷீட்டில் 'கே' என்று ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் வேறு எழுத்துக்கூட்டல். எல்லாவற்றையும் விண்ணப்பத்துக்கு முன்னாலேயே சரி செய். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்கு இசிஆர் பாஸ்போர்ட்தான் வரும், வளைகுடா போக அரசின் தனி அனுமதி வாங்க வேண்டும். பத்தாவது பாஸ் பண்ணினால் அந்தத் தொல்லை போகும்.

"எக்ஸாம் எழுதாமலே சர்டிபிகேட் வாங்கித் தர்றேன்" என்கிறவன் பக்கமே போகாதே. மார்க்கை அந்த நாட்டு அதிகாரிகள் இணையத்திலேயே சரிபார்க்கிறார்கள். பொய்ச் சான்று பிடிபட்டால் கனடாவில் ஐந்து வருடத் தடை. ஆள் அனுப்பும் ஏஜென்ட் இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிந்தவரா என்று பார். பதிந்தவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். மூன்று லட்சம் கேட்கிறவரிடம் ரசீது கேட்டுப் பார், முகம் மாறும். புள்ளி, கட்டணம், விதி எல்லாம் வருடா வருடம் மாறுகிறது, பணம் கட்டும் நாளில் அந்தந்த அரசுத் தளத்தில் ஒரு முறை திறந்து படி.

கல்யாணம் ஆனவனுக்கு ஒரு வார்த்தை

கனடா விண்ணப்பத்தில் கணவன், மனைவி இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் முதல் விண்ணப்பதாரராக இருக்கலாம். நம் ஊரில் கணவன் பெயரைத்தான் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். அவள் பிஎஸ்சி நர்சிங்கோ எம்ஏ பிஎட்டோ முடித்து வேலையும் பார்த்திருப்பாள், வயது மூன்று நாலு குறைவாக இருக்கும், ஆங்கிலமும் உன்னைவிட நன்றாக வரும். ஆனால் படிவத்தில் அவள் துணை மட்டும். துணையின் மொழிக்குக் கிடைப்பது அதிகபட்சம் 20 புள்ளி. அவள் முதல் பெயராக இருந்தால் அதே ஆங்கிலம் நூற்றுக்கு மேல் கொடுக்கும். இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார். கனடா அரசுத் தளத்திலேயே புள்ளிக் கணக்கி இருக்கிறது, காசு கேட்காது. இரண்டு பேருமே சேர்ந்து படியுங்கள், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் இங்கிலீஷில் மட்டும் பேசிக்கொள்ளுங்கள். மாமியார் சிரித்தால் சிரிக்கட்டும்.

அவளுக்கு பாஸ்போர்ட் எடுத்தாச்சா? இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பித்துவிடு, நம் மாவட்டத்துக்குத் திருச்சி மண்டல அலுவலகம்தான்.